புரட்டாசியில் முதல் பூப்பாத்தி

வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் சராசரியாக அக்டோபர் 20ஆம் தேதியை ஒட்டித் தொடங்கும். ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களிலேயே கொட்டிவிடுகிறது. கொல்லைப்புறத்தில் முதன்முதலாகப் பூப்பாத்தி போடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான். மண்வேலை முழுவதும் மழைக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். அடைமழையில் களிமண்ணைக் கொத்தினால் அது கட்டி கட்டியாக இறுகி, தை வெயிலில் செங்கல்லாகிவிடும். புரட்டாசி முதல் பாதியில் பாத்தி, கடைசி வாரத்தில் விதை, ஐப்பசி முடிவதற்குள் நடவு என்று வைத்துக்கொண்டால் பொங்கலுக்குச் செண்டுமல்லி வீட்டிலேயே பறிக்கலாம். நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இடம் பார்ப்பதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். பூச்செடிக்கு ஒரு நாளில் 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். ஆடியில் வெயில் விழுந்த இடத்தில் மார்கழியிலும் விழும் என்று நம்பக் கூடாது. ஐப்பசிக்குப் பிறகு சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் 10 அடி மதில் ஒன்றின் நிழல், மார்கழி நடுப்பகலில் வடக்குப் பக்கமாக 6 முதல் 7 அடி வரை நீளும். ஆகவே தெற்கே உயர்ந்த சுவர் இருந்தால் பாத்தியை அதிலிருந்து 8 அடியாவது தள்ளிப் போட வேண்டும். தென்னை, வேம்பு ஆகியவற்றின் வேர் ஓடும் இடமும், மாடித் தண்ணீர் குழாயிலிருந்து விழும் இடமும் ஆகாது.

முதல் பாத்தி 6 அடி நீளமும் 3 அடி அகலமும் இருந்தால் போதும். இரு பக்கமும் நின்று கையெட்டும் தூரத்தில் களை எடுக்கலாம். உள்ளே கால் வைத்து மண்ணை மிதிக்க வேண்டியதில்லை. ஆசைப்பட்டுக் கொல்லை முழுவதையும் கொத்திப் போட்டால், கார்த்திகையில் அங்கே களைதான் மண்டும்.

இடம் முடிவானதும் ஓரடி ஆழத்துக்குக் குழி ஒன்றைத் தோண்டி, மாலையில் தண்ணீர் நிரப்பி, காலையில் பார்க்க வேண்டும். தண்ணீர் வடிந்திருந்தால் அரையடி உயர மேட்டுப்பாத்தி போதும். இன்னமும் தேங்கி நின்றால் முக்காலடி உயர்த்தி, சுற்றிலும் வடிகால் வெட்டி, தண்ணீர் வெளியேற வழிவிட வேண்டும். இந்தப் பருவத்தில் பூச்செடிகள் தண்ணீர் இல்லாமல் சாவது அரிது; தண்ணீரில் நின்று வேர் அழுகிச் சாவதுதான் அதிகம். கடலோர மணற்பாங்கான ஊர்களில் இந்தக் கவலை குறைவு. அங்கே உயரத்தைவிட மக்கிய தென்னை நார்க்கழிவையும் தொழுவுரத்தையும் கூடுதலாகக் கலப்பது முக்கியம்.

புது வீட்டுக் கொல்லை பாதி வேளை கட்டட வேலையின் குப்பைமேடுதான். சிமென்ட் கட்டி, செங்கல் துண்டு, சுண்ணாம்புப் பூச்சு எல்லாம் மேல் மண்ணிலேயே கிடக்கும். சுண்ணாம்பும் சிமென்ட்டும் மண்ணின் காரத்தன்மையை ஏற்றுவதால் இலை மஞ்சளாக வெளுக்கும். எவ்வளவு உரம் போட்டாலும் தேறாது. அப்படிப்பட்ட இடத்தில் மேல் மண்ணை அரையடிக்கு வாரி எறிந்துவிட்டு, செம்மண் வாங்கி நிரப்புவதே நல்லது.

அடுத்தது கோரை. முதல் பாத்தியைத் தோற்கடிப்பதில் இதற்கு இணையான களை இல்லை. செடியைப் பிடித்து இழுத்தால் புல் மட்டும் கையோடு வரும். கீழே கம்பி போன்ற மெல்லிய வேரில் பட்டாணி அளவுக்குக் கறுப்புக் கிழங்குகள் தொடர்தொடராக நிற்கும். மண்வெட்டியால் வெட்டி விட்டால் ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடியாகக் கிளம்பும். களைக்கொத்தால் மண்ணை இளக்கி, கிழங்குகளை விரலால் தடவிப் பொறுக்கி, வெயிலில் காயப்போட வேண்டும். அதோடு விடாமல், பாத்தியைச் சமன் செய்து தண்ணீர் தெளித்து பத்து நாள் சும்மா விட வேண்டும். மண்ணுக்குள் மிச்சமிருக்கும் கோரையும் களை விதைகளும் முளைத்து வரும். அவற்றையும் எடுத்த பிறகுதான் பாத்தி உண்மையில் தயார். விதைக்கும் அவசரத்தில் இந்தப் பத்து நாளை விழுங்கிவிடுபவர்கள் தை வரைக்கும் களை பிடுங்கிக்கொண்டே இருப்பார்கள்.

உரத்துக்கு இந்தப் பாத்திக்கு இரண்டு மூன்று கூடை மக்கிய தொழுவுரமும் அரைக் கிலோ வேப்பம் பிண்ணாக்கும் தாராளம். தொழுவுரம் கறுப்பாக, உதிரியாக, சாண வாடை இல்லாமல் இருக்க வேண்டும். கையை உள்ளே விட்டால் சூடு தெரிகிற உரம் இன்னும் மக்கவில்லை. இளம் வேரைக் கருக்கிவிடும். எருக்குவியலில் வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் தடித்த வண்டுப் புழுக்களையும் கவனித்துப் பொறுக்கிவிட வேண்டும். யூரியா முதல் பாத்திக்கு வேண்டாம். அது இலையைத்தான் வளர்க்கும்.

செடிகளில் மூன்று வகைக்கு மேல் போக வேண்டியதில்லை. செண்டுமல்லி, வாடாமல்லி, கோழிக்கொண்டை ஆகிய மூன்றும் புதியவர்களின் கைக்கு அடங்கும். மண்ணிலும் கவனிப்பிலும் சிறு குறை இருந்தாலும் பூத்துவிடும். ஓரளவு நிழல் விழும் பக்கத்தில் காசித்தும்பை நிற்கும். மல்லிகை நடவும் இது ஏற்ற காலம்தான். ஆனால் அது மழையிலும் பனியிலும் ஓய்வெடுக்கும் செடி, மாசி பங்குனிக்கு முன்னால் அதனிடம் பூ எதிர்பார்க்க முடியாது. பல ஆண்டுகள் நிற்கும் புதர் என்பதால் பாத்திக்கு வெளியே தனிக் குழியில் வைக்க வேண்டும். அரளியின் எல்லாப் பாகங்களும் நஞ்சு. சின்னக் குழந்தைகளோ ஆடு மாடோ உள்ள வீட்டுக் கொல்லையில் அதற்கு இடமில்லை.

பூஜைக்கு வாங்கிய மாலையிலிருந்து காய்ந்த செண்டுமல்லியை உதிர்த்துத் தூவும் வழக்கம் உண்டு. சந்தைப் பூ விதை முற்றுவதற்கு முன்பே பறிக்கப்படுவதால் அதில் பெரும்பாலும் சாவிதான் இருக்கும். முளைத்தாலும் ஒட்டு ரகமாக இருந்தால் தாய்ச்செடியின் பூ வராது. விதைக்கடையில் தேதி பார்த்துச் சிறு பொட்டலம் வாங்குவதே சரி.

விதைகளை நேரே பாத்தியில் போடாமல் குழித்தட்டிலோ அகலச் சட்டியிலோ நாற்று விட வேண்டும். மழை அடித்தால் சட்டியைத் திண்ணைக்கு நகர்த்திக்கொள்ளலாம். செண்டுமல்லி விதையின் மேல் கால் அங்குல மண் போதும். ஒரு வாரத்துக்குள் முளைக்கும். கோழிக்கொண்டை விதை பொடியாக இருப்பதால் மணலோடு கலந்து தூவி, லேசாக அழுத்தினால் போதும். வாடாமல்லி விதை பஞ்சு போர்த்தியது; முந்தைய இரவே ஊற வைக்க வேண்டும். சட்டியை எறும்பு ஏறாதபடி காக்காவிட்டால் விதை எதுவும் மிஞ்சாது. நாற்றுகள் நெருக்கமாக நின்று எப்போதும் ஈரமாக இருந்தால் தண்டின் அடி நைந்து வரிசையாகச் சாயும். அந்த நாற்றழுகல் வந்த பிறகு செய்வதற்கு அதிகம் இல்லை. கலக்கமாக விதைப்பதும், காலையில் மட்டும் பூவாளியால் தண்ணீர் தெளிப்பதும், விதையோடு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலப்பதும்தான் காப்பு.

30 நாள் நாற்றை மழை விட்ட நாளில், மாலையில் நட வேண்டும். செண்டுமல்லிக்கு வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஓரடிக்குச் சற்று மேல் இடைவெளி தேவை. நட்டபோது பாத்தி வெறிச்சென்று தெரியும். அதைப் பார்த்து நெருக்கி நட்டால் பின்னால் காற்றோட்டம் இல்லாமல் இலையில் நோய் வரும். செடி வேர்பிடித்துக் கிளம்பியதும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை பிரிந்து பூ கூடும். ஆனால் கிள்ளினால் முதல் பூ சில நாள் தள்ளிப்போகும் என்பதால், பொங்கலைக் குறிவைத்து நட்ட செடிகளில் பாதியை மட்டும் கிள்ளுவது புத்திசாலித்தனம்.

மழைக்காலத்தில் நத்தைகள் இரவில் வந்து இளம் நாற்றை மொட்டையடிக்கும். டார்ச் விளக்கோடு போய்ப் பொறுக்குவதைவிடச் சிறந்த வழி இல்லை. பாத்தியில் உப்பு தூவுவது செடியையும் சேர்த்துக் கொல்லும். அசுவினி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடியில் தெளிக்கலாம். கோழி திரியும் வீடுகளில் பாத்தியைச் சுற்றி முள்ளோ வலையோ கட்டாமல் நடவே கூடாது.

பூத்த பிறகு பறிப்பதுதான் பராமரிப்பு. வாடிய பூவைச் செடியிலேயே விட்டால் அது விதை கட்டும் வேலைக்குப் போய், மொட்டு விடுவது குறைந்துவிடும். கலப்பில்லாத நாட்டு ரகமாக இருந்தால் திடமான ஒரு செடியில் மட்டும் இரண்டு பூவை முற்ற விட்டு விதை எடுக்கலாம். இவை எல்லாமே ஒரு பருவச் செடிகள். மாசி வெயில் ஏறியதும் பூ சிறுத்துவிடும். அப்போது செடியைப் பிடுங்கி நறுக்கிப் பாத்தியிலேயே மூடாக்காகப் போட்டுவிட வேண்டும். அடுத்த விதைப்பு ஆடிப்பட்டத்தில்.