2147483647: முக்கியக் குறிப்புகள்

பத்து இலக்கங்களையும் மனப்பாடம் செய்வதைவிட 2³¹ − 1 என்று நினைவில் வைப்பதே நல்லது. கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவை அதிலிருந்தே கிடைத்துவிடும்.

அடிப்படை
• படிக்கும் முறை: 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647.
• 1 + 2 + 4 + … + 2³⁰ என்ற பெருக்குத் தொடரின் கூடுதல் இது. சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பாக நெல்மணி வைத்தால், முதல் 31 கட்டங்களில் சேரும் மணிகள் இவ்வளவு.
• இரும எண் முறையில் எழுதினால் தொடர்ந்து 31 ஒன்றுகள்.
• இலக்கங்களின் கூடுதல் 46.

ஒன்றாம் இலக்கமும் மீதியும்
• 31ஐ 4ஆல் வகுக்க மீதி 3. எனவே 2³¹இன் ஒன்றாம் இலக்கம் 8. ஒன்றைக் கழிக்க 7.
• 3, 7, 9, 11, 31 ஆகிய எதனால் வகுத்தாலும் மீதி 1.
• காரணம்: 2², 2³, 2⁶, 2¹⁰, 2⁵ ஆகியவை முறையே அந்த எண்களால் வகுபடும்போது மீதி 1 தருகின்றன. 2, 3, 6, 10, 5 எல்லாமே 30இன் காரணிகள். ஆகவே 2³⁰க்கு மீதி 1, 2³¹க்கு 2, நம் எண்ணுக்கு 1.

பகா எண்
• 2ᵖ − 1 வடிவில் அமையும் பகா எண் மெர்சென் பகா எண். 3, 7, 31, 127, 8191, 131071, 524287 ஆகியவற்றை அடுத்து எட்டாவதாக வருவது இது.
• பெயர்க்காரணம்: பிரான்ஸ் நாட்டுத் துறவி மரென் மெர்சென் (1588–1648). 1644இல் அவர் வெளியிட்ட அடுக்குகளின் (p) பட்டியலில் 31 சரி. 67, 257 தவறு. 61, 89, 107 விடுபட்டவை.
• பகா எண் என நிறுவியவர் லியோனார்டு ஆய்லர். ஒரு கடிதத்தில் இதைத் தெரிவித்தார் (1772).
• வழி: இதன் வர்க்கமூலம் 46340ஐச் சற்றே தாண்டும். இதற்குப் பகாக் காரணி இருந்தால் அது 248n + 1 அல்லது 248n + 63 வடிவில்தான் இருக்க வேண்டும். அதனால் அதிகபட்சம் 372 வகுத்தல்களே போதுமாயின.
• கவனம்: அடுக்கு பகா எண் என்பது மட்டும் போதாது. 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

செவ்விய எண்
• 2³⁰ × (2³¹ − 1) = 2305843008139952128. இது எட்டாவது செவ்விய எண் (தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதலுக்குச் சமமான எண்). 19 இலக்கம், 62 வகுத்திகள்.

கணினியில்
• குறியுடைய 32 பிட் முழு எண்ணின் உச்ச மதிப்பு இதுவே. மிகச் சிறிய மதிப்பு −2147483648.
• 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை இம்முறையில் எண்ணும் கணினிகளில் கணக்கு நிரம்பும் நேரம்: 2038 ஜனவரி 19, இந்திய நேரப்படி காலை 8:44:07.

பயிற்சி
• 13ஆல் வகுக்க மீதி என்ன? 2¹²க்கு மீதி 1. ஆனால் 12, 30இன் காரணி அல்ல. 2³¹க்கு 2⁷இன் மீதியே வரும்: 128 − 117 = 11. ஒன்றைக் கழிக்க விடை 10.