முதியோர் நலமும் வைத்தியச் செலவும்

வயல் வேலையினின்று ஓய்வுபெற்ற பெரியோர் பலர் உடலுழைப்பை அறவே நிறுத்திவிடுகின்றனர்; ஆயினும் ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றை முன்போலவே உண்கின்றனர். புகையிலைப் பழக்கமும் தொடர்கின்றது. இவை இரத்த அழுத்தத்திற்கும் இருதய நோய்க்கும் வழிகோலுகின்றன. இரத்த அழுத்தம் பல ஆண்டுகள் வெளியே தெரியாமலே உடலைக் கெடுக்கும். கவனியாது விட்டால் பக்கவாதமும் சிறுநீரகக் கேடும் விளையும். சிறுநீரகம் செயலிழந்தவர் பெரும்பாலும் வாரம் 2 அல்லது 3 முறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்ல நேரிடும். சிகிச்சை இலவசமாகக் கிடைப்பினும், வண்டிச் செலவும் உடன் செல்வோரின் கூலி இழப்பும் குடும்பத்தையே சாரும்.

இதனைத் தவிர்க்கும் வழி எளிது. நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள், அஃதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருத்தல் வேண்டும். வாரத்தில் 150 நிமிடமேனும் நடத்தல் வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் கூறும் அளவுகள் இவை. புகையிலையை விடுதலும் இன்றியமையாதது.

2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் உரிய மருந்தை வீட்டு வாயிலுக்கே கொண்டுவர வகை செய்தது. எனினும், உடல் தேறிவிட்டதென்று எண்ணி மருந்தைத் தாமாகவே நிறுத்துவோர் உளர். பின்னர் அவர்களே படுக்கையில் விழுகின்றனர்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தத்தம் வார்டில் அத்தகையோரைக் கண்டறிந்து சுகாதார நிலையத்திற்கு அனுப்புவார்களாக. முதியோர் அச்சமின்றி நடக்கப் பாதையைச் செப்பனிட்டு விளக்கும் அமைப்பார்களாக. அதற்காகும் சிறு செலவு, பல குடும்பங்களைக் கடனினின்று காக்கும்.