செம்மணி கேட்கும் நீதி

தேர்வெழுதி மிதிவண்டியில் வீடு திரும்புவது உத்தமபாளையத்து மாணவிகளாகிய நமக்குச் சாதாரண நிகழ்ச்சி. யாழ்ப்பாணம் சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிரிசாந்தி குமாரசுவாமியும் 1996 செப்டம்பர் 7-ஆம் நாள் வேதியியல் தேர்வெழுதி அப்படித்தான் திரும்பினார். இராணுவச் சோதனைச் சாவடியில் அவரை நிறுத்தினர். தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயல்வீட்டாரும் மீளவில்லை. நால்வரும் கொன்று புதைக்கப்பட்டனர்.

1998 ஜூலையில் கொழும்பு உயர் நீதிமன்றம் படையினருக்கு மரண தண்டனை விதித்தது. அவர்களுள் ஒருவர், செம்மணியில் முந்நூறு நானூறு உடல்கள் புதைக்கப்பட்டுள்ளன என்றார். 1999-இல் தோண்டியபோது கிடைத்தவை 15. நால்வருக்குக் கிடைத்த தீர்ப்பு மற்றவர்க்கு வேண்டாமா?

அதே 1998 ஜூலையில்தான் உரோமை நகரில் 120 நாடுகள் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் அமைக்க இசைந்தன. ஆனால் 2002 ஜூலைக்கு முந்திய குற்றங்களை அது விசாரிக்காது. இலங்கை அதில் சேரவில்லை. நம் நாடும் சேரவில்லை என்பது நமக்கு வருத்தமே. 2021-இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவை, இலங்கைக் குற்றங்களுக்கான சான்றுகளைத் திரட்டிக் காக்க ஏற்பாடு செய்தது. தீர்ப்பு என்று வருமோ, அன்று சான்று வேண்டுமன்றோ!

2025-இல் செம்மணிச் சிந்துபாத்தி மயானத்தில் இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. ஒரு குழந்தையினருகே நீல நிறப் புத்தகப் பை இருந்தது. ஆகஸ்டில், நீதிமன்ற உத்தரவுப்படி, கிடைத்த பொருள்களை மக்கள் முன் வைத்தனர். காணாமற்போனோரின் உறவினர் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தனர்.