தேக்குத் தளத்துக்குக் கீழே பாருங்கள்

கேள்வி: குடும்பத்தோடு கடலில் செல்ல 36 அடி பழைய பாய்மரப் படகு ஒன்றைப் பார்த்திருக்கிறோம். தளம் முழுக்கத் தேக்கு. நம்பி வாங்கலாமா?
– ஒரு வாசகர், ஆனைமலை

பதில்: தேக்கை வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் மலைத் தேக்கு 19-ஆம் நூற்றாண்டில் பம்பாய்க் கப்பல்தளத்துக்குப் போனது. அன்று மரமே கப்பலின் உடல். ஃபைபர் படகில் அது மேல்விரிப்புதான். பழைய படகுகள் பலவற்றில் அதைத் திருகாணிகளால் இறுக்கியிருப்பார்கள். இணைப்புப் பசை நாளடைவில் காய்ந்து வெடித்ததும் அந்தத் துளைகள் வழியே நீர் இறங்கும். தளத்தின் ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரம் இருந்தால் அது அழுகிவிடும். சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமான ஓசை வந்தால் ஈரமானியால் சோதிக்க வேண்டும். தேக்கு வழுக்காது என்பார்கள். உண்மைதான், ஆனால் மணல் கலந்த பூச்சும் வழுக்காது, அதற்குத் துளையும் வேண்டாம்.

36 அடி கடலுக்குச் சிறிது என்ற அச்சம் வேண்டாம். 2018 உலகச்சுற்றுப் போட்டியில் பாய்மரம் முறிந்து படுகாயமடைந்த இந்தியக் கடலோடி அபிலாஷ் டோமி, 2023-இல் ரஸ்ட்லர் 36 படகில் உலகைச் சுற்றி அதே போட்டியில் இரண்டாமிடம் பெற்றார். அடிக்கட்டையின் கனம், சுக்கான், பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் இவையே காக்கும். குழந்தைகளோடு போகிறவருக்கு அறைவசதியும் அவசியம். ஆனால் மெத்தையைப் பிறகு மாற்றலாம், அழுகிய தளத்தை மாற்றுவது படகின் விலையையே விழுங்கும். படகைக் கரையேற்றி, விற்பவருக்குத் தொடர்பில்லாத ஆய்வாளரிடம் காட்டுங்கள். கம்பிகள் பத்துப் பதினைந்து ஆண்டுப் பழசென்றால் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.