தானமும் கண்ணீரும் – தாய்லாந்தில் மகாஜாதகம்

பகவான் புத்தரின் முற்பிறவிகளைக் கூறும் ஜாதகக் கதைகள் பாலி மொழியில் 547 உள்ளன. அவற்றுள் கடைசியானதும் மிக நீண்டதும் வெஸ்ஸந்தர ஜாதகம். தாய்லாந்து மக்கள் இதனை ‘மஹா சாத்’ என்று அழைக்கின்றனர். மகாஜாதி, அதாவது மாபெரும் பிறவி என்பது அதன் பொருள். புத்தராகப் பிறப்பதற்கு முன் போதிசத்துவர் எடுத்த இறுதி மனிதப் பிறவி அது. தான பாரமிதை அப்பிறவியிலேயே முழுமை பெற்றது என்பது பௌத்த மரபு.

தாய்லாந்தின் விஹாரங்களில் இக்கதை ஆண்டுதோறும் பாராயணம் செய்யப்படுகிறது. கதைக்குப் பதின்மூன்று காண்டங்கள். மொத்தம் 1000 பாலி சுலோகங்கள். 1482-ஆம் ஆண்டில் அயுத்தயாவின் மன்னர் பரம திரைலோகநாதர் இதனைத் தாய்லாந்து மொழியில் இயற்றச் செய்தார். அதன்பின் பல நூற்றாண்டுகளாக அரசவைப் புலவர்களும் துறவியரும் தனித்தனிக் காண்டங்களைப் புதிதாகப் பாடியுள்ளனர்.

முழுக் கதையையும் ஒரே நாளில் கேட்டுவிட வேண்டும் என்ற நம்பிக்கைக்குப் பின்னால் வேறொரு புராணம் இருக்கிறது. இலங்கையில் வாழ்ந்ததாகக் கூறப்படும் மாலைய தேரர் என்னும் அருகதர், நரகங்களைக் கண்டு அங்குள்ளோருக்கு ஆறுதல் அளித்துத் திரும்பினார். பிறகு ஓர் ஏழை அளித்த எட்டுத் தாமரை மலர்களுடன் தேவலோகம் சென்றார். அங்கே வருங்காலப் புத்தரான மைத்ரேயரைச் சந்தித்தார். தம்மைக் காண விரும்புவோர் வெஸ்ஸந்தரரின் கதையை ஒரு பகல் ஓர் இரவுக்குள் முழுவதும் கேட்கட்டும் என்று மைத்ரேயர் சொல்லி அனுப்பினாராம்.

இனிக் கதைக்கு வருவோம். சிவி நாட்டு இளவரசர் வெஸ்ஸந்தரர் கேட்டவர்க்கு இல்லை என்று சொல்லாதவர். மழையைத் தருவிக்கும் வெள்ளை யானையைக் கலிங்கத்து அந்தணர்களுக்குக் கொடுத்துவிட்டார். குடிமக்கள் கொதித்தெழுந்தனர். தந்தை சஞ்சய மன்னர் வேறு வழியின்றி மகனை நாடு கடத்தினார். மனைவி மத்தி, மகன் ஜாலி, மகள் கண்ஹாஜினா ஆகியோருடன் அவர் வங்க மலைக்குச் சென்று தவக்கோலத்தில் வாழ்ந்தார். வழியிலேயே குதிரைகளும் தேரும் தானமாகிவிட்டன.

ஜூஜகன் என்ற கிழவன் ஒருவன் இருந்தான். அவனுடைய இளம் மனைவியைத் தண்ணீர்த் துறையில் பிற பெண்கள் ஏளனம் செய்ய, அவள் வேலைக்கு அடிமைகள் வேண்டும் என்று அடம்பிடித்தாள். மத்தி காய்கனி தேடிச் சென்றிருந்த வேளையில் ஜூஜகன் ஆசிரமத்துக்கு வந்து குழந்தைகளைக் கேட்டான். பேச்சைக் கேட்ட குழந்தைகள் ஓடிப்போய்க் குளத்தில் தாமரை இலைகளுக்கு அடியில் ஒளிந்துகொண்டனர். தந்தை கரையில் நின்று, பிறவிக் கடலைத் தாம் கடக்க அவர்களே தோணி ஆக வேண்டும் என்று அழைத்தார். இருவரும் கரையேறி அவர் காலடியில் விழுந்தனர். அவர் நீர் வார்த்து இருவரையும் தானம் செய்தார்.

கிழவன் அவர்களைக் கொடியால் கட்டி அடித்து இழுத்துச் சென்றான். பிறகு நிகழ்வதே இக்கதையின் உயிர் என்பேன். வெஸ்ஸந்தரர் அமைதியாக அமர்ந்திருக்கவில்லை. பர்ணசாலைக்குள் சென்று கதறி அழுதார். வில்லையும் வாளையும் எடுத்துச் சென்று அவனைக் கொன்று குழந்தைகளை மீட்டு வரலாமா என்றுகூட எண்ணினார். பின்னர்தான் தம் உறுதியை நினைவுகூர்ந்து மனத்தை அடக்கினார். சிங்கம், புலி, சிறுத்தை உருவில் தேவர்கள் வழிமறித்ததால் இருட்டிய பின்பே திரும்பிய மத்தி, இரவு முழுவதும் பிள்ளைகளைத் தேடி அலைந்து மயங்கி வீழ்ந்தாள். ஏழு மாதங்களாக அவளைத் தீண்டாத தவசி அப்போது அவள் தலையை மடியில் தாங்கி நீர் தெளித்தார். உண்மையைக் கேட்டறிந்த பின் அவள் அத்தானத்தை மனமார ஏற்றாள்.

மறுநாள் இந்திரனே அந்தணனாக வந்து மத்தியைக் கேட்டு, பெற்று, உடனே திருப்பியளித்தான். இயற்பகை நாயனாரின் வரலாற்றை அறிந்த நமக்கு இக்காட்சி புதிதன்று. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இயற்பகையாரிடம் வந்து கேட்டவர் சிவபெருமான். மத்தியைக் கேட்டவன் இந்திரன். குழந்தைகளைக் கேட்டவனோ உண்மையிலேயே பேராசை பிடித்த ஒரு கிழவன். வேடம் எதுவும் இல்லை. தேசம், காலம், பாத்திரம் அறிந்து அளிப்பதே சாத்துவிக தானம் என்று கீதை வகுக்கிறது. ஜூஜகன் எந்த வகையில் பாத்திரம்?

இக்கேள்வி இன்று எழுந்ததன்று. ‘மிலிந்த பஞ்ஹ’ என்னும் பழம்பெரும் பாலி நூலில் மிலிந்த மன்னர் நாகசேனரிடம் இதையே வினவுகிறார்: பிறரை வருத்திச் செய்யும் தானம் எப்படிப் புண்ணியமாகும்? நாகசேனர் பல விடைகள் தருகிறார். நோயாளியை வண்டியில் ஏற்றிச் செல்லும்போது மாடுகள் வருந்துகின்றன; அதனால் அந்த உதவி பாவமாகிவிடுமா என்பது ஒன்று. பேரக்குழந்தைகளைப் பாட்டனார் மீட்பார் என்பதை வெஸ்ஸந்தரர் அறிந்திருந்தார் என்பது மற்றொன்று. இது வலுவான விடை. கண்ஹாஜினாவுக்கு மன்னர் ஒருவரே கொடுக்கக்கூடிய மீட்புத்தொகையை அவர் நிர்ணயித்தே அனுப்பினார். கடன்பட்ட தந்தை மகனை அடகு வைப்பதும் விற்பதும் உலக வழக்கமே என்பது இன்னொரு விடை. இதனை இன்று யாரும் ஏற்கமாட்டார்கள். தாய்லாந்தின் பழைய சட்டங்களும் அவ்வழக்கத்தை அனுமதித்தவையே. மன்னர் சூலாலங்கரண் 1874-இல் அடிமைகளின் குழந்தைகளை விடுவிக்கும் சட்டத்தைத் தொடங்கினார். 1905-இல் அடிமைமுறையே ஒழிந்தது.

அவ்வாறெனில் இக்கதையை அம்மக்கள் எவ்வாறு கேட்கின்றனர்? வாதத்தால் அதன் கூர்மையை மழுக்கிவிடாமல் கேட்கின்றனர் என்றே சொல்ல வேண்டும். பதின்மூன்று காண்டங்களையும் வெவ்வேறு குடும்பத்தினர் ஏற்று நடத்துகின்றனர். வாழை, கரும்பு, தென்னங்கீற்று ஆகியவற்றால் விஹார மண்டபம் வனமாகிறது. குரல்வளத்துக்கு ஏற்பக் காண்டங்கள் துறவியருக்குப் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. ஜூஜகன் காண்டத்தில் மண்டபம் சிரிப்பால் நிறையும். 101 சுலோகங்கள் கொண்ட குமாரர் காண்டமும் 90 சுலோகங்கள் கொண்ட மத்தி காண்டமும் வரும்போது கேட்போர் கண் கலங்குவர். தானத்தின் பெருமையைக் கேட்க வந்தவர்கள், அதற்கு விலையாகிப் போன குழந்தையின் அழுகையையும் முழுவதுமாகக் கேட்டாக வேண்டும். காண்டங்களில் ஒன்றைக்கூட விடலாகாது என்ற விதியின் பயன் இதுவே என்று தோன்றுகிறது. (அதே ஜூஜகனின் உருவத்தைச் செல்வம் வேண்டி வழிபடுவோரும் அந்நாட்டில் உண்டு. பேராசைக்கும் ஒரு பக்தி வாய்த்துவிடுகிறது!)

நாட்டின் வடகிழக்குப் பகுதிக்கு ஈசான் என்று பெயர். நம் ஈசானிய மூலையேதான். அங்கு இவ்விழா நான்காம் சாந்திர மாதத்தில், ஏறத்தாழ மார்ச்சில், ‘பூன் பவேத்’ என நடைபெறுகிறது. ‘பூன்’ என்பது புண்ணியம். மாரனால் இடையூறு நேராதிருக்க முதலில் நீர்நிலையிலிருந்து உபகுப்தரை அழைத்து வருகின்றனர். உபகுப்தர் நம் மதுராவைச் சேர்ந்த தேரராகப் பழைய நூல்கள் போற்றுபவர். பின்பு ஊரார் அனைவரும் ஊருக்கு வெளியே சென்று, வெஸ்ஸந்தரரை நாடு திரும்புமாறு வேண்டுகின்றனர். முழுக் கதையும் தீட்டப்பட்ட மிக நீண்ட துணிச்சுருளை விரித்து, பலர் வரிசையாகத் தாங்கி, மேளதாளத்துடன் விஹாரத்துக்குக் கொண்டுவருகின்றனர். கதையில் அவரை விரட்டியவர்கள் ஊர்மக்கள். விழாவில் அவரை அழைத்து வருபவர்களும் ஊர்மக்களே. வந்தவர் அனைவருக்கும் நம் சேவை போன்ற அரிசி நூலும் குழம்பும் பரிமாறப்படுகின்றன. ரோய் எத் நகரில் இவ்விழா மிகப் பெரிய அளவில் நிகழ்கிறது.

தானம் செய்யும்போது நீர் வார்ப்பது நம் நாட்டு மரபு. ‘தாரை வார்த்தல்’ என்கிறோம். தாய்லாந்திலும் அறச்செயலின் முடிவில் நீர் வார்க்கின்றனர். அந்த நீர் எங்கே செல்கிறது? போதி மரத்தடியில் மாரன் தன் படையுடன் வந்து, உன் புண்ணியத்துக்குச் சாட்சி யார் என்று கேட்டபோது போதிசத்துவர் பூமியைத் தொட்டார். பூமகள் எழுந்து தன் கூந்தலைப் பிழிந்தாள். பிறவிதோறும் அவர் தானம் செய்தபோது வார்த்த நீர் யாவும் அவள் கூந்தலில் தங்கியிருந்தது. அது பெருவெள்ளமாகி மாரனின் சேனையை அடித்துச் சென்றது. பல விஹாரங்களின் சுவர்களில் இக்காட்சியைக் காணலாம். பூமகளை அங்கே ‘மே தொரணி’ என்கின்றனர். நம் தரணியே அவள். பாங்காக்கில் அரசி சௌவபா, மக்கள் குடிநீர் பெறுவதற்காக அவள் கூந்தலிலிருந்து நீர் வழியும் சிலையை நிறுவினார். 1917-இல் திறக்கப்பட்ட தண்ணீர்ப் பந்தல் அது.

கதையின் முடிவில் பாட்டனார் சஞ்சயர் பொன் கொடுத்துப் பேரக்குழந்தைகளை மீட்டார். ஜூஜகன் அளவின்றி உண்டு மாண்டான். கானகத்தில் குடும்பம் ஒன்றுகூடியது. இக்கதையைக் கபிலவஸ்துவில் தம் சுற்றத்தாரிடையே கூறிய புத்தர், அன்றைய மத்தி யசோதரை என்றும், ஜாலி ராகுலன் என்றும், சஞ்சய மன்னர் சுத்தோதனர் என்றும் அறிவித்தார்.

அந்தச் சுத்தோதனர் இப்பிறவியிலும் பேரனுக்காகப் பேசினார். சிறுவன் ராகுலன் யாரிடமும் கேளாமல் சங்கத்தில் சேர்க்கப்பட்டபோது அவர் புத்தரிடம் சென்று, மகன் பிரிந்தபோது பட்ட வேதனை பேரனாலும் எலும்பு வரை ஊடுருவுவதை எடுத்துரைத்தார். பெற்றோர் இசைவின்றி எந்தப் பிள்ளைக்கும் துறவு அளிக்கலாகாது என்று அவர் வேண்ட, புத்தர் அதனை விதியாக்கினார். இன்றும் தாய்லாந்தில் துறவு ஏற்க வரும் இளைஞனைச் சங்கத்தின் முன் நிறுத்திப் பாலி மொழியில் சில வினாக்களைக் கேட்கின்றனர். நீ சுதந்திரமானவனா, கடனற்றவனா என்பவை அவற்றுள் அடங்கும். தாயும் தந்தையும் உனக்கு இசைவு அளித்தனரா என்பதும் கேட்கப்படுகிறது. அவன் ‘ஆம்’ என்று விடை கூறிய பிறகே சடங்கு தொடர்கிறது.