மீண்டும் படித்தல்

நூல்கள் இருவகைப்படும். ஒருமுறை படித்த அளவில் பயன் முடிந்துவிடுவன ஒரு வகை. படிக்குந்தோறும் புதுப்பொருள் தருவன மற்றொரு வகை. ஒரு பாடத்தை இருமுறை கேட்டவனே பிழையின்றி உணர்வான் என்கிறது நன்னூல். இவ்விதி இலக்கணத்திற்கு மட்டுமன்று, அறிவியல் புனைகதைக்கும் பொருந்தும். ஒரு சான்று காண்போம்.

அமெரிக்க நாட்டு எழுத்தாளராகிய ஜீன் உல்ஃப் (1931-2019) பொறியியல் கற்றவர். அவர் இயற்றிய 'புதிய கதிரவனின் நூல்' 1980 முதல் 1983 வரை நான்கு பகுதிகளாக வெளிவந்தது. கதிரவனின் ஒளி குன்றிய மிகத் தொலைவான எதிர்காலத்தில் கதை நிகழ்கிறது. எதனையும் மறவாதவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் செவேரியன் என்பவன் தன் வரலாற்றைத் தானே உரைக்கிறான்.

அவன் வளர்ந்த இடம் பழமையான கோபுரம் ஒன்று. முதன்முறை படிப்போர் அதனைக் கோட்டைக் கோபுரம் என்றே கொள்வர். மறுமுறை, ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் குறிப்புகளை ஒன்றுகூட்டிப் பார்த்தால், அது முற்காலத்து விண்கலம் என்பது புலனாகும். அவ்வாறே, பாழ்நிலத்தில் கொடியேந்தி நிற்கும் கவச வீரன் ஒருவனின் ஓவியத்தைச் செவேரியன் காண்கிறான். அவ்வீரன் யார் என்பதை அவன் அறியான். திங்களில் 1969ஆம் ஆண்டு மனிதன் கால்வைத்ததை அறிந்த நாமோ, சற்று நின்று நோக்கினால் அறிந்துகொள்வோம்.

இவை அறிவுக்கு விருந்து. நெஞ்சைத் தொடும் இடம் வேறொன்றுண்டு. இறந்தவர்களை நீரில் அடக்கம் செய்யும் ஏரி ஒன்றில், முதியவர் ஒருவர் சிறு படகில் வருகிறார். இளமையிலேயே இறந்துபோன தம் மனைவியின் உடலைப் பல்லாண்டுகளாகத் தேடி வருவதாக அவர் கூறுகிறார். கதையின் விரைவில் அவரை மறந்து மேலே செல்கிறோம். சற்றுப் பின்னர்ச் செவேரியன் அந்நீரில் வீழ்கிறான். அவன் கரையேறும்போது தோர்காஸ் என்னும் இளம்பெண்ணும் உடன் இருக்கிறாள். தன் முன்னை வாழ்வு அவளுக்கு நினைவில்லை. அம்முதியவர் தேடியது அவளையே! ஆசிரியர் அதனை அங்கே சொல்வதில்லை. நான்காம் பகுதியில், உயிர்நீத்த முதியவரின் அருகே அவள் துயருற்றிருக்கக் காணும்போதுதான், முன்னர் நாம் எதனைத் தவறவிட்டோம் என்பது விளங்குகிறது.

மீண்டும் முதற்பகுதியை எடுத்து அவ்வேரிக் காட்சியைப் படித்துப் பாருங்கள். சொற்கள் மாறவில்லை, ஆனால், அம்முதியவரின் ஒவ்வொரு சொல்லும் இப்பொழுது நம் உள்ளத்தை உருக்குகிறது. அன்று அவர் பேசியபோது நாம் செவிகொடுக்கவில்லை அன்றோ?

மாணவர்களே! நூலில் தவறவிட்டதை ஏட்டைத் திருப்பிப் பெறலாம். வாழ்வில் நம்மிடம் துயருரைத்துச் சென்றவரை மீண்டும் காண்பது அரிது. ஆதலின், பொறுமையாகப் படித்துப் பழகுங்கள்; அப்பழக்கம் பிறர் சொல்லைப் பொறுமையாகக் கேட்கவும் உங்களுக்குக் கற்பிக்கும்.