கண்ணுள்ள கிழங்கு

உருளைக்கிழங்கு ஒன்றைக் கையில் எடுத்து உற்றுநோக்குங்கள். அதன்மேல் சிறுசிறு குழிகள் தென்படும். அவற்றைக் ‘கண்’ என்பர் உழவர். ஒவ்வொரு கண்ணும் ஒரு கணு. அதனுள் மொட்டு உறங்குகிறது. வேரில் கணு இராது. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் வேர்கள். உருளையோ மண்ணுக்குள் பருத்த தண்டு. வீட்டுத் தோட்டத்தில் அதனை வளர்க்கும் முறை பெரிதும் இவ்வுண்மையிலிருந்தே பிறக்கிறது.

இரவு வெப்பம் 20 பாகை செல்சியசைத் தாண்டினால் கிழங்கு திரள்வது குறையும். ஆகவேதான் நம் மாநிலத்தில் இது பெரும்பாலும் மலைப்பயிர். நீலகிரியில் உறைபனி நீங்கியபின், மார்ச்சு, ஏப்ரல் திங்களில் நடலாம். சில வாரங்களுக்கு முன்பே விதைக்கிழங்குகளை வெயில் நேரே படாத, வெளிச்சமுள்ள இடத்தில் பரப்பி வைத்தல் வேண்டும். இருட்டில் எழும் முளை வெளுத்து நீண்டு, தொட்டால் முறியும். ஒளியில் எழுந்ததோ குட்டையாய், பருமனாய், பச்சையாய் நிற்கும். அத்தகைய முளையே விரைந்து வளர்ந்து முன்னதாகப் பலன் தரும். தொழுஉரம் கலந்த பாத்தியில் 40 முதல் 50 கிராம் எடையுள்ள கிழங்குகளை ஒரு சாண் இடைவெளியில், முளை மேல்நோக்க நடுக.

செடி ஒரு சாண் உயர்ந்ததும் இருபுறமும் மண் அணைக்க வேண்டும். புதைந்த தண்டிலிருந்து பிரியும் கிளைகளின் நுனியே கிழங்காகிறது. வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சை நிறமடையும். அதில் சொலனின் என்னும் நச்சும் பெருகும். சமைத்தாலும் அது நீங்காது.

புதிதாகத் தோட்டம் இடுவோர் பெரிதும் தவறுவது விதையில்தான். சமையலறையில் முளைத்ததை வீணாக்குவானேன் என்று நட்டுவிடுவர். சிக்கனம் நல்லதே, ஆயினும் கிழங்கோடு அது விளைந்த நிலத்தின் நோயும் வந்து சேரக்கூடும். உருளையைத் தாக்கும் பொன்னிற முட்டைக்கூட்டு நூற்புழு, இந்தியாவில் முதன்முதலாக 1961ஆம் ஆண்டு நீலகிரியில்தான் கண்டறியப்பட்டது. கடுகினும் சிறிய அதன் கூடு ஒன்றில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். பயிரே இல்லாத நிலத்திலும் அவை பல்லாண்டு உயிரோடு காத்திருக்கும். ஒட்டிய மண் ஒரு சிட்டிகையே ஆனாலும் போதும், தோட்டம் கெட. இப்புழுவைத் தாங்கும் ‘குப்ரி சுவர்ணா’ என்னும் இரகம் பின்னர் உருவாக்கப்பட்டது. எனவே சான்று பெற்ற விதைக்கிழங்கையே தேடிப் பெறுக.

செடி பூத்தபின் ஓரத்து மண்ணை விரலால் விலக்கிப் பாருங்கள். பெருவிரல் பட்டதும் தோல் உரிந்தால் அது இளங்கிழங்கு. அன்றே சமைத்து உண்க. சேமிப்புக்கு உரியவை, செடி காய்ந்து தோல் தடிக்கும்வரை மண்ணிலேயே இருக்கட்டும். தோண்டிய பாத்தியில் மறு ஆண்டும் உருளை வேண்டா. தக்காளியும் கத்தரியும் அதன் உறவுகள். அவற்றிலும் இப்புழு வாழும். முட்டைக்கோசோ, கேரட்டோ, பூண்டோ நடுக.